எட்டுத் துப்பாக்கியும் என் மச்சினனும்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கோங்க சார், பையில இடிக்குது. தப்பா நினைக்காதீங்க. உள்ள இருக்கறது உடைஞ்சா மறுபடி கிடைக்காது. என்னன்னு கேக்கறீங்களா? சொன்னா பதறக் கூடாது. துப்பாக்கி. மொத்தம் எட்டு.

அட, மெதுவா சார். கண்டக்டர் திரும்பிப் பாக்கறாரு. எல்லாம் சினிமாத் துப்பாக்கி. கட்டை, ரெசின், அலுமினியம். ஒண்ணுகூட வெடிக்காது. கோர்ட் ஆர்டர் இதோ என் சட்டைப் பையில இருக்கு, சீல் வெச்சது, இன்னைக்கு மத்தியானம்தான் கையில கிடைச்சது. ஐம்பத்திரண்டு நாள் சார். ஐம்பத்திரண்டு நாள் இதுங்க ஸ்டேஷன் ரூம்ல, உடைஞ்ச சைக்கிளுக்கும் சாராயக் கேனுக்கும் நடுவுல கிடந்துச்சு. ஒண்ணோட கட்டையில கரையான் ஏறியிருக்கு. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அங்க இருந்த ஏட்டு, "என்ன பெரியவரே, பெத்த புள்ளை மாதிரி தடவறீங்க"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்?

என் பேரு பரந்தாமன். சாலிகிராமம். கார்ப்பரேஷன்ல பிறப்பு இறப்பு சர்ட்டிபிகேட் செக்ஷன்ல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தேன். பேர்ல ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். அழுதாலும் விட மாட்டேன். பேப்பர் விஷயத்துல நான் அவ்வளவு கறார். அப்பேர்ப்பட்டவன் பேப்பர் இல்லாம மாட்டினேன் பாருங்க, சிரிப்பு வரல?

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுதுன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வரும்போது காயலான் கடையில, தராசு மேல ஒரு நீளத் துப்பாக்கி கிடந்துச்சு. நான் சின்ன வயசுல ஏழு தடவை பாத்த படம் ஒண்ணு. அதுல வில்லன் படிக்கட்டுல இறங்கி வரும்போது இடது கையில பிடிச்சிருப்பான், கட்டையில குறுக்கே ஒரு கீறல் தெரியும். அதே கீறல் சார்! தராசு மேல! எடைக்கு விலை பேசி வாங்கிட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சது. படத்தைப் போட்டு, நிறுத்தி, கண்ணாடியைக் கழட்டி டிவிகிட்ட போய்ப் பாப்பேன். கீறல் ஒத்துப்போனா அது அந்தப் படத்துல நடிச்ச துப்பாக்கி. ஒத்துப்போகலைன்னா வெறும் கட்டை. எங்களை மாதிரி சேக்கறவங்களுக்கு அந்தக் கீறல்தான் உசுரு. இருபத்தாறு வருஷத்துல பதினொண்ணு சேத்தேன். பதினொண்ணுக்கும் கீறல் கணக்கு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

எங்களுக்குக் குழந்தை கிடையாது. என் வீட்டுக்காரி கஸ்தூரி. அவ தம்பி லோகு. லோகநாதன். அவங்கம்மா செத்தப்போ அவனுக்கு நாலு வயசு, கஸ்தூரி கல்யாணமாகி வரும்போதே இடுப்புல தூக்கிட்டு வந்தா. நானும் எதுவும் சொல்லலை. சொன்னேன், முதல்ல கொஞ்ச நாள் சொன்னேன், அப்புறம் விட்டுட்டேன். இப்ப முப்பத்துமூணு வயசு. குட்டியானை ஓட்டறான். குட்டியானைன்னா இந்தச் சின்ன லோடு வண்டி. சோபா, பீரோ, தண்ணி கேன், எது கொடுத்தாலும் ஏத்துவான். நல்ல பையன். கொஞ்சம் விவரம் போதாது, அவ்வளவுதான்.

லைசென்ஸ் எடுக்கலையான்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நான் போனேன் சார்! என்னை மாதிரி சேக்கற ஒருத்தரு பெரம்பூர்ல இருக்காரு. அவர் வீட்டுக்குப் போலீஸ் வந்து, நெசத் துப்பாக்கி மாதிரி இருக்கறதை வெச்சிருந்தாலும் கேள்வி வரும்னு எச்சரிச்சுட்டுப் போனாங்க. அதைக் கேட்டு நானே ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். ஒரு கிளார்க் ஃபாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, "எதுக்கு வேணும்? பாதுகாப்புக்கா? பயிரைக் காப்பாத்தவா? சுடற போட்டிக்கா?"ன்னு கேட்டாரு. "பாக்கறதுக்கு சார்"ன்னேன். "பாக்கறதுக்குன்னு இதுல கட்டம் இல்லையே"ன்னாரு. சினிமாவுக்கு வாடகைக்கு விடறவனுக்குக் கம்பெனி இருக்கு, ஷூட்டிங்னா லெட்டர் இருக்கு, விக்கறவனுக்குக் கடை லைசென்ஸ் இருக்கு. ஷோகேஸ்ல வெச்சு அழகு பாக்கறவனுக்கு என்ன இருக்குன்னு யாருக்கும் சொல்லத் தெரியலை. கட்டம் இல்லாத ஆளு சார் நான். முப்பத்தோரு வருஷம் கட்டம் கட்டமா எழுதினவனுக்கு இந்தக் கதி. வெறுத்துப் போய் விட்டுட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க முகத்தைப் பாத்தா சொல்லலாம்னு தோணுது.

பதினொண்ணுல மூணு இரும்பு. அந்தக் காலத்துல லேத்துல கடைஞ்சு, நெசம் மாதிரியே எடை வர்ற மாதிரி செஞ்சது. யாரும் தப்பா பயன்படுத்தக் கூடாதுன்னு குழாய் வாயில ஈயத்தை ஊத்தி அடைச்சிருப்பாங்க. அந்த அடைப்பு வெள்ளையா, வாயில சுண்ணாம்பு அப்பின மாதிரி தெரியும். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. படத்துல க்ளோசப் வரும்போது அந்த வாய் எப்படி இருக்கும்? கருப்பா இருக்கும். அந்தக் கருப்பைப் பாத்துத்தானே தியேட்டர்ல நாம பயந்தோம்? சாமி சிலைக்குக் கடைசியா கண்ணைத் திறப்பாங்க இல்ல, அந்த மாதிரி இதுங்களுக்கு வாயைத் திறக்கணும்னு ஆசை. போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கஸ்தூரி ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தா. லோகுவோட டிரில் மிஷின் மாடிப்படிக்குக் கீழ இருந்துச்சு. எடுத்தேன். மூணு அடைப்பையும் எடுத்தேன். எவ்வளவு சுத்தமான வேலைங்கறீங்க! உள்ள எண்ணெய் போட்டுத் துடைச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். உடம்பு சிலிர்த்துச்சு சார். லோகு சாயங்காலம் வந்தான். தரையில ஈயத்தூள் கிடந்ததைப் பாத்துட்டு, "என்ன மாமா, ஷெல்ஃப் அடிச்சீங்களா?"ன்னான். "ஆமாண்டா"ன்னேன். அவனே பெருக்கி அள்ளினான்.

அப்புறம் தேர்தல் வந்துச்சு.

ஆரணியில பழைய சினிமா ரசிகர் மன்றம் ஒண்ணு இருக்கு. அவங்க பழம்பொருள் கண்காட்சி வெக்கறோம், உங்க சேகரிப்புதான் முக்கியம்னு கூப்பிட்டாங்க. நோட்டீஸ்ல என் பேரு அடிச்சிருந்தாங்க. 'ஆயுதச் சேகரிப்பாளர் திரு. பரந்தாமன்' அப்படின்னு. மன்றத் தலைவர் எனக்குன்னு தனியா கார் அனுப்பினாரு. காருக்குள்ள அவ்வளவு பெரிய பொட்டி கொள்ளாது, அதனால துப்பாக்கி எல்லாத்தையும் கஸ்தூரியோட பழைய புடவையில சுத்தி, டிரங்குப் பொட்டியில வெச்சு, லோகு வண்டியில ஏத்தினேன். அவனுக்கு அன்னைக்கு வேற சவாரி இருந்துச்சு. எனக்காக விட்டுட்டு வந்தான். அதை நான் இல்லைங்கலை.

தேர்தல் நேரத்துல வழியெல்லாம் பறக்கும் படை நிக்கும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானும் பேப்பர்ல படிச்சேன். பணம் கொண்டுபோறவனைத்தானே பிடிப்பாங்கன்னு நினைச்சேன். வண்டியை நிறுத்திட்டாங்க. பொட்டியைத் திறந்துட்டாங்க. நான் கார்ல முன்னாடி போயிட்டேன். போன் வருது. லோகு. "மாமா, இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா"ன்னு கொடுத்துட்டான்.

அந்த அதிகாரி, சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். "ஐயா, இங்க பதினோரு துப்பாக்கி இருக்கு. டிரைவர் சினிமாப் பொருள்னு சொல்றாரு. எல்லாம் பொம்மைதானே?"ன்னு கேட்டாரு. பாருங்க, கேள்வியோட பதிலையும் அவரே கையில கொடுத்தாரு. "ஆமாங்க"ன்னு ஒரு வார்த்தை. படம் பிடிச்சுக்கிட்டு விட்டிருப்பாரு.

பக்கத்துல மன்றத் தலைவர் உக்காந்திருக்காரு. போன் ஸ்பீக்கர்ல இருக்கு. இருபத்தாறு வருஷம் சேத்ததை ஒருத்தன் பொம்மைங்கறான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "சார், பொம்மைன்னு சொல்லாதீங்க. பொம்மை பீச்சுல விக்கறான். என்னோடது ஒவ்வொண்ணும் அச்சு அசல். நீங்க ஒண்ணை இடுப்புல சொருகிக்கிட்டு நடந்து பாருங்க, உங்க டிபார்ட்மெண்ட்லயே சல்யூட் அடிப்பான்"ன்னேன். தலைவர் கைதட்டிச் சிரிச்சாரு. அதிகாரி சிரிக்கலை. அப்புறம், "அப்படிங்களா? பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டாரு. குரல் மாறிப்போச்சு.

உடனே திரும்பிப் போகலையான்னு கேக்கறீங்க. போகலாம்னுதான் சொன்னேன். தலைவர்தான், "குத்துவிளக்கு ஏத்திட்டுப் போயிடலாம், கூட்டம் காத்துக்கிட்டிருக்கு"ன்னாரு. மேடையில பேரு போட்டிருக்காங்க சார், எப்படி மறுக்கறது? காலி மேஜைங்களுக்கு முன்னாடி நின்னு அரை மணி நேரம் பேசினேன். நல்லாத்தான் பேசினேன்னு சொன்னாங்க. சாயங்காலம் ஸ்டேஷன்ல போய்ப் பாத்தா, லோகு பெஞ்சுல செருப்பில்லாம உக்காந்திருக்கான். என்னைப் பாத்ததும் முதல்ல கேட்டது, "சாப்டீங்களா மாமா?"

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் சட்டம் சார். அங்க இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. கத்தமாட்டாங்க. நிதானமாப் பேசுவாங்க. "தேர்தல் நேரத்துல பதினோரு துப்பாக்கி. நான் கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது. பொம்மையா இல்லையான்னு லேப்தான் சொல்லணும்"ன்னாங்க. வண்டி, பொருள், ஆள், மூணும் உள்ள போயிடுச்சு. நான்தான் சொந்தக்காரன்னு எழுதிக் கொடுத்தேன். அதுல ஒளிவுமறைவு இல்லை. ஆனா ஏத்திக்கிட்டு வந்தவன் அவன், கையும் களவுமா நின்னவன் அவன்.

ஒரு மாசம் கழிச்சு லேப் ரிப்போர்ட் வந்துச்சு. எட்டுல பிரச்சினை இல்லை. இரும்பு மூணு மட்டும் குழாய் திறந்திருக்கு, கருவி வெச்சுத் துளைச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் வேலை பண்ணினா வெடிக்க வெக்கலாம்னு எழுதியிருந்தாங்களாம். வெடிக்க வெக்கறதா! தீபாவளிக்கு லட்சுமி வெடி கொளுத்தவே நான் லோகுவைத்தான் கூப்பிடுவேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா கோர்ட்ல கேட்டு லோகுவை ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாங்க: "சொந்தக்காரருக்கே இதுல பங்கு இருக்குன்னா பதினொண்ணையும் விட மாட்டாங்க. கேஸ் முடிஞ்சதும் அழிக்கச் சொல்லி ஆர்டர் வரும். உங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னா, மத்த எட்டையும் கேட்டு மனு போடலாம்." அழிக்கறதுன்னா எப்படி மேடம்னு கேட்டேன். "ரோடு ரோலர் ஏத்துவாங்க"ன்னாங்க. சாதாரணமா சொன்னாங்க, டீ குடிச்சுக்கிட்டே.

லோகு வந்தான். தாடி. கண்ணு உள்ள போயிருந்துச்சு. மேஜை மேல பதினொண்ணும் வரிசையா, சீட்டு கட்டி வெச்சிருக்கு. அந்தப் படிக்கட்டு வில்லன் துப்பாக்கி என் பக்கமா, கீறல் தெரியற மாதிரி கிடக்குது.

"இந்த மூணுல அடைப்பை எடுத்தது யாரு?"

அந்தம்மா ஒண்ணைத் தூக்கி, குழாய் வாயை எங்க பக்கம் திருப்பிக் காட்டினாங்க.

"வீட்ல டிரில் மிஷின் இருக்கா?"

"இருக்கு மேடம். என்னுது"ன்னான் லோகு.

"அப்ப நீ எடுத்தியா?"

அவன் என்னைப் பாத்தான். அவனுக்கு அன்னைக்குப் பெருக்கின ஈயத்தூள் ஞாபகம் வந்திருக்கணும். கேக்கற மாதிரி பாக்கலை. திட்டற மாதிரியும் பாக்கலை. சும்மா பாத்தான். நான் சொல்லத்தான் போனேன் சார். வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். கண்ணு அந்தக் கீறல் மேல போயிடுச்சு. ரோலர் ஏறினா அது எப்படி நொறுங்கும்னு நினைச்சேன். ஒரு செகண்ட் இருக்குமா? அதுக்குள்ள அவன், "நான்தான் மேடம். மாமாவுக்குத் தெரியாது"ன்னுட்டான்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினாங்க. "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம்"னு வந்துடுச்சு. நான் சொல்லலை சார், வந்துடுச்சு.

"ஏன் எடுத்தே?"ன்னு அவனைக் கேட்டாங்க. அவன் என்ன சொல்லுவான் பாவம்? அவனுக்கு க்ளோசப் தெரியுமா, கருப்பு தெரியுமா? முழிச்சான். "சும்மாதான் மேடம்"ன்னான். சும்மாவா துப்பாக்கியில ஓட்டை போடுவான்னு அங்கதான் சந்தேகம் வலுத்துச்சு. ஜாமீன் ரெண்டு தடவை தள்ளுபடி. எனக்கு வயசு அறுபத்தொண்ணு. பென்ஷன்காரன். கேஸ்னு வந்தா பென்ஷன்ல கை வெப்பாங்களோன்னு பயம் இருக்குமா இருக்காதா? கஸ்தூரிக்குச் சுகர், ரெண்டு வேளை ஊசி, யார் போடுவா? அவன் சின்னப் பையன், தாங்குவான். நானும் சும்மா இல்லை. நல்ல வக்கீலா பாத்து வெச்சேன். உள்ளே பிஸ்கட், சோப்பு, பனியன் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். மனு எழுதறதுக்கு வக்கீல் வீட்டுக்கு மட்டும் இருபது நடை நடந்தேன். எந்த மனுன்னா... எட்டையும் கேக்கற மனு. ஜாமீன் மனு அவரே எழுதிடுவாரு, அதுக்கு நான் எதுக்கு?

ஆவணியில அவனுக்குக் கல்யாணம் வெச்சிருந்தோம். திருத்தணிப் பொண்ணு. அவங்க வீட்டுல ஆள் அனுப்பித் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அது போகட்டும், வேற பொண்ணு கிடைக்கும்.

கஸ்தூரிதான் சார். அவளைச் சொல்லணும்.

அன்னைக்கு ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு வந்தப்போ அவ மறுநாள் ஜெயிலுக்குப் போய் அவனைப் பாக்கணும்னு கிளம்பற ஏற்பாட்டுல இருந்தா. உள்ள சாப்பாடு விட மாட்டாங்கன்னு சொல்லியும் கேக்காம, அவனுக்குப் பிடிக்கும்னு அதிரசத்துக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. "என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல? ஸ்டேஷன்ல எழுதினது ஒண்ணு, வீட்டுல சொல்றது ஒண்ணுன்னா நாளைக்குச் சிக்கல் வராதா? அவகிட்டயும் அதையே சொன்னேன். "அந்த மூணுலயும் ஓட்டை போட்டது லோகுவாம். அவனே ஒத்துக்கிட்டான்"னு சொன்னேன்.

கையில மாவோட அப்படியே நின்னா.  அப்புறம் அந்த மாவை எடுத்து வாசல்ல மாட்டுக்கு வெச்சா. "தூக்கி வளர்த்த பாவத்துக்கு இதுவா செஞ்சான்? உங்க உசுரு அதுங்கதான்னு தெரியாதா அவனுக்கு? எப்படிங்க மனசு வந்துச்சு?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இத்தனை வருஷத்துல என் துப்பாக்கிக்காக அவ அழுதது அதுதான் முதல் தடவை சார். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? ஒரு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் கையை உருவிக்கிட்டு வாசப்பக்கம் போயிட்டேன். 

அதுக்கப்புறம் அவ ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கலை. அவன் பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிடுவா. ஹால்ல இருந்த அவன் போட்டோவை எடுத்து பீரோவுக்குப் பின்னாடி வெச்சுட்டா. என்னைத்தான் விழுந்து விழுந்து கவனிக்கறா. ராத்திரியில காலைப் பிடிச்சு விடறா. "நீங்க மனசு விட்டுடாதீங்க, எட்டாச்சும் கிடைக்கும்"ன்னு கந்தகோட்டம் முருகனுக்கு வேண்டிக்கிட்டா. அவ ஒரு வாய் சோறு போடும்போதெல்லாம் எனக்கு இறங்க மாட்டேங்குது. பதினோரு கிலோ இளைச்சுட்டேன். துப்பாக்கிக் கவலைன்னு அவ நினைக்கறா. துப்பாக்கிக் கவலையும் உண்டுதான்.

இன்னைக்கு ஆர்டர் வாங்கப் போனேன். ஸ்டேஷன்ல எட்டையும் எண்ணி, கீறல் பாத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, ரசீதைக் கொடுக்கத் திரும்பக் கோர்ட்டுக்கு வந்தேன். மூணு போச்சு, அது போச்சுதான். வராந்தாவுல திரும்பினா லோகு. வாய்தாவுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒரு போலீஸ்காரர் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஒளிய இடமில்லை. ஒளியணும்னு நினைக்கலை, சும்மா சொன்னேன்.

அவன் பையைத்தான் முதல்ல பாத்தான். "கிடைச்சிருச்சா மாமா?"ன்னு சிரிச்சான். நெசமாவே சிரிச்சான் சார்! பல்லு தெரிய!

"கிடைச்சிருச்சுடா. எட்டும்"ன்னேன்.

"அக்கா வரலையா?"

நான் தலையை ஆட்டினேன். அவன் குரலைத் தணிச்சுக்கிட்டான். அப்புறம் சொன்னான்: "கேஸை நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க அதுக்காக ஒண்ணும் பண்ண வேணாம். உங்க வயசுக்கு உள்ளே தாங்காது, அது எனக்கே தெரியுது. அக்காகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அது என்னைத் திருடன் மாதிரி நினைச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கு. ராத்திரியெல்லாம் அதேதான் மாமா தோணுது. அக்காகிட்ட மட்டும். வேற யார்கிட்டயும் வேணாம்."

"இன்னைக்கே சொல்லிடறேன்டா, சத்தியமா"ன்னேன். பைப் பிடியை விட்டுட்டு அவன் தோளைத் தொட்டிருக்கலாம். தொடலை. கூட்டமா இருந்துச்சு, பையை யாராவது தட்டிட்டுப் போயிட்டா? போலீஸ்காரர் "வா"ன்னாரு, போயிட்டான்.

அதான் சார் உங்ககிட்ட இவ்வளவும் சொல்றேன். சொல்லிப் பழகிக்கிட்டா வீட்ல சுலபமா வரும்னு. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை. "கஸ்தூரி, தை மாசம் நீ சீமந்தத்துக்குப் போயிருந்தே இல்ல, அன்னைக்கு..." இப்படி ஆரம்பிக்கலாமா? இல்ல, நேரா, "லோகு எடுக்கலை, நான்தான்"னு போட்டு உடைச்சுடலாமா? அவ என்ன பண்ணுவா? கத்துவாளா? கத்தினா பரவாயில்லை. கத்தாம என்னை அப்படியே பாத்தான்னா? இத்தனை வருஷமா யாரோட குடும்பம் நடத்தினோம்னு யோசிக்கற மாதிரி பாத்தான்னா? அதுக்கப்புறம் இந்த எட்டையும் எந்தச் செவுத்துல மாட்டுவேன்? யாருக்குக் காட்டுவேன்? நீங்க சொல்லுங்க. உங்க முகத்துல ஒண்ணும் தெரியமாட்டேங்குது.

இருங்க, போன். அவதான்.

சொல்லு கஸ்தூரி... ஆங், பஸ்ல இருக்கேன். கிடைச்சிருச்சு... எட்டும் கிடைச்சிருச்சு... ஆமா, மடியில வெச்ச மாதிரி வெச்சிருக்கேன்... சாப்பிட்டேன், இட்லி சாப்பிட்டேன்... எதுக்கு அழறே? இப்ப எதுக்கு அழறே?... யாரு?... ம். பாத்தேன்... இல்ல, தூரத்துலேர்ந்துதான்... இளைச்சிருக்கான்... கஸ்தூரி, அதைப் பத்தி உன்கிட்ட... என்ன கேட்டே?... அவன் மன்னிப்புக் கேட்டானான்னா?...

இல்ல கஸ்தூரி. கேக்கலை.

சரி... சரி, வெச்சுடு. வந்துடறேன்.

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? பூந்தமல்லிக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க, அது இன்னும் வரலையே. அங்க சீட்டு இல்ல சார், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உக்காருங்க. போன்ல எப்படி சார் சொல்றது, பஸ் சத்தத்துல? நேர்லதான் சொல்லணும், நேர்ல சொல்லிடுவேன். சார்... கொஞ்சம் உக்காருங்க சார்.